ஜப்பான் படத்தில் யார் யார் செத்தவர்கள்?

1

ஒரு மனிதரை அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. இருந்திருந்தால் முதல் பத்தியிலேயே சொல்லிப் பெயர் வாங்கியிருப்பேன்.

அந்த மனிதர் ராஜமாணிக்கம். பொன்னேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தலைமை எழுத்தர். ஆபீஸ் விட்டபின் தமிழின் முதன்மை விமர்சகர். முதல் வேலைக்கு உத்தரவுக் காகிதம் உண்டு. இரண்டாவதை அவரே தமக்கு வழங்கிக்கொண்டார். ‘துலாமுள்’ என்ற காலாண்டிதழுக்கு ஆசிரியர், வெளியீட்டாளர், பெரும்பாலும் வாசகர். என் நாவலுக்கு அதில் விமர்சனம் எழுதினார். முழு விமர்சனத்தையும் இங்கே எடுத்துத் தருகிறேன்: “தாள் நன்று.”*

போன வருஷம், எழுபத்தேழில், பொன்னேரி ஸ்டேஷனில் தானியேல் என்பவர் என்னிடம் ஒரு சங்கதி சொன்னார். தானியேல் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர். “ஒங்க ராஜமாணிக்கம் சாரு எங்க கேண்டீன்ல படம் பாத்தாரே, கேள்விப்பட்டீங்களா?” என்று ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் ரயில் வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷமாக ஆரம்பித்த கதை. நடுவில் ஒருத்தி வந்து நின்றுவிட்டாள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளை எங்கே வைப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது, முக்கியமாக எங்கே நிறுத்துவது, எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. நீங்கள் தெளிவானவராக இருந்தால் கூடவே வாருங்கள். எனக்குத் துணையாக இருக்கும்.

* தாளின் பெருமை பதிப்பாளரையே சேரும். அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: “கலைக்கும் எந்திரத்துக்கும் இடையிலான ஆதி முரண், கும்மிடிப்பூண்டியின் செம்மண்ணில்தான் தன்னை —” வேண்டாம். இது ராஜமாணிக்கம் எழுதுவதுபோல இருக்கிறது. அவரைத் திட்ட உட்கார்ந்து அவர் நடையே ஒட்டிக்கொண்டால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? தாள்தான்.

இரண்டாம் தொடக்கம்: “புகை. சங்கு. புகை.” இது நன்றாக இருந்தது. திரும்பத் திரும்பப் படித்து மெச்சிக்கொண்டிருந்தேன். தானியேலிடம் காட்டினேன். “இன்னா சார் பொக? பாதி கம்பெனிக்கு இன்னும் கூரையே போடல. சங்கு இனிமேதான் வாங்கணும்னு பேசிக்கினு கீறாங்க” என்றார். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் (இதுவே நிற்கட்டும், தொடக்கத்திலேயே குடியிருந்தால் வாடகை கேட்பார்கள்):

தானியேலின் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஓர் எந்திரம் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஓர் ஆளும் வந்தார். அவருடைய பெயரைச் சொல்ல முயன்றவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னதால், எல்லாரும் ஜப்பான் சார் என்றே கூப்பிட்டார்கள். ஆள் வெளிநாட்டில் வாடிப்போகக் கூடாதென்று அவருடைய கம்பெனி ஒரு காரியம் செய்தது. அந்த நாட்டு டெலிவிஷனில் வாராவாரம் வரும் சித்திரப்படத் தொடர் ஒன்றின் புது வரிசையைச் சுருள் சுருளாகப் பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கையால் வரைந்த ஆட்கள். ஆனால் ஓடுவார்கள், அழுவார்கள், துடுப்புப் போடுவார்கள். ஜப்பான் சார் தனியாகப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தானியேலைக் கூப்பிட்டார். தானியேல் மன்றத்தைக் கூப்பிட்டார். மன்றம் சுற்றுவட்டாரத்தையே கூப்பிட்டது. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கேண்டீனில் படம்.

படத்தின் கதை இது, அல்லது இதுதான் என்று பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தது: ஒரு சின்னப் பெண். தோளில் ஒரு துடுப்பு. கூடவே காது அறுந்த நாய். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. துறை துறையாகத் தேடிக்கொண்டு போகிறாள். பேசுகிற பேச்சு ஒருவருக்கும் புரியாது. ஜப்பான் சாருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் சொற்பம். சுருள் மாற்றும்போது எழுந்து நின்று விளக்கம் சொல்வார்: “ஃபாதர். ஸீ. நோ கம்.” உட்கார்ந்துவிடுவார். அடுத்த வாரம்: “ஃபாதர். ஸ்டில் நோ கம்.” கேண்டீன் முழுக்க உச்சுக்கொட்டும்.

3

இப்போது ராஜமாணிக்கத்தைக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் ஒரு துணியைக் கட்டியாக வேண்டும்.

கேண்டீனில் படம் விழுகிற மாதிரி ஒரு சுவர் கிடையாது. மூன்று பக்கமும் தட்டி, ஒரு பக்கம் அடுப்படி. ஆகவே நட்டநடுவில் இரண்டு தூண்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டினார்கள். சர்க்கார் பிரசார வண்டி கிராமத்துக்கு வந்து படம் காட்டும்போது செய்கிற ஏற்பாடுதான். மெல்லிய துணியில் வெளிச்சம் ஊடுருவும். முன்னால் இடம் இல்லாதவர்கள் பின்னால் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கே வலது இடமாகவும் இடது வலமாகவும் தெரியும். படத்தில் வலக்கையால் சாப்பிடுகிறவன் இடக்கையால் சாப்பிடுவான், அவ்வளவுதானே? சாப்பிட்டால் சரி என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

தானியேல் அழைத்ததன் பேரில் ராஜமாணிக்கம் வந்தார். முன்பக்கம் முழுக்கப் பாய். இருந்த சில நாற்காலிகளில் மேனேஜரும் ஜப்பான் சாரும் ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“சார், இப்டி பாய்ல குந்துங்க சார். நல்லாத் தெரியும்.”

“தானியேல், விமர்சகன் தரையில் உட்காரலாமா? பார்வைக் கோணம் தாழ்ந்துவிடும்.”

துணிக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டி, ஸ்டோர் கிளார்க்கின் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. விமர்சகர் அங்கே போய் அமர்ந்தார். கேண்டீனில் வேலை செய்கிற கெங்கம்மாள் என்பவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“இன்னா சார், இந்தாண்ட குந்திக்கினீங்க? அந்தாண்டதான ஜனமெல்லாம் கீது?”

“அம்மா, ஜனங்கள் பார்க்கும் பக்கத்திலிருந்து பார்ப்பவன் ரசிகன். மறுபக்கத்திலிருந்து பார்ப்பவன் விமர்சகன்.”

“அப்ப சரி. கிளாஸ அங்கயே வச்சிட்டுப் போங்க சார், நான் எடுத்துக்கறேன்.”

(தானியேல் இதைச் சொன்னபோதுதான் என் ரயில் போனது.)

4

ராஜமாணிக்கத்திடம் ஒரு கலைக்களஞ்சியம் உண்டு. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது. முழுத் தொகுதியும் அல்ல, ஒரே ஒரு புத்தகம்: ‘ஜ’ வரிசை. அதனால் ஜப்பான், ஜமைக்கா, ஜாதிக்காய் ஆகியவற்றில் அவரை யாரும் அசைக்க முடியாது. இத்தனை வருஷமாக அந்த அறிவை இறக்கிவைக்க இடம் இல்லாமல் இருந்தவருக்கு ஒரு ஜப்பான் படம் கிடைத்தது. ‘துலாமுள்’ளின் அடுத்த இதழில் வந்தது, “முதற்பார்வைக் குறிப்புகள்: புதுவரிசை ஜப்பானியச் சித்திரத் தொடர்”. முக்கியமான பகுதி இது:

“மேம்போக்கான ரசிகர்கள் இதை ஒரு சிறுமி தன் தந்தையைத் தேடும் கதை என்று மயங்குவர். அவர்கள் உடையைக் கவனித்தார்களில்லை. ஜப்பானியர் தம் மேலங்கியை இடப்பகுதி மேலே வருமாறு மடித்து உடுப்பர். வலப்பகுதி மேலே வருமாறு உடுத்துவது பிணத்துக்கு மட்டுமே. இத்தொடரில் சிறுமி முதல் படகோட்டி ஈறாக அனைவரும் வலப்பகுதி மேலாகவே உடுத்தியுள்ளனர். ஆகவே அனைவரும் இறந்தவர்கள். தந்தை, முதற்சுருள் தொடங்குமுன்பே இறந்தவர். தேடுகிறவளும் இறந்தவள். நாயைக் குறித்து உறுதியாகச் சொல்வதற்கில்லை. அது உடை அணியவில்லை.”

படித்தபோது முதலில் நான் பிரமித்துத்தான் போனேன். ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. தவறு என்று தெரியாதவரை, அவர் எழுதியதிலேயே சிறந்தது இதுதான்.

தானியேலுக்கோ பெருமை தாங்கவில்லை. “நம்ம படத்தப் பத்தி புக்குல போட்டுட்டாங்க” என்று அந்தப் பக்கத்தை மன்றத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

5

இந்த இடத்தில் நான் கதையை முடித்துவிட்டேன். கடைசி வரியும் தயாராக இருந்தது: “துணிக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.” எல்லாரும் சிரித்திருப்பீர்கள். தானியேல்தான் கெடுத்தார்.

“அத்தோட முடியல சார். கெங்கம்மா ஊட்ல அதால பெரிய பேஜாராப் பூட்ச்சி.”

“எந்தக் கெங்கம்மா?”

“டீ குட்த்துச்சே சார். அதான்.”

டீ கொடுத்தவளை டீ கொடுப்பதற்காக மட்டுமே நான் கதைக்குள் கூப்பிட்டிருந்தேன். அவளுக்கு வீடு இருக்கும் என்று யோசிக்கவில்லை.

இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அங்கிருந்து கம்பெனி லாரியில் வேலைக்கு வருகிறாள். புருஷன் துலுக்காணம். மழைக்காலத்தில் ஒரு நாள் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் கட்டுமரத்தில் தனியாகப் போனான். வரவில்லை. மரமும் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் தடா சந்தையில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பிறகு அது வேறு ஆள் என்றார். பிறகு, இல்லை, அவன்தான் என்றார். (இப்படி ஒரு சாட்சியை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ராஜமாணிக்கம் ‘நம்பகத்தன்மை குறைவு’ என்று எழுதியிருப்பார்.)

மழை போய் வெயிலும் முற்றிவிட்டது. மாமியார் கோவிந்தம்மாள், மகனுக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்றாள். கெட்டவள் இல்லை. முதல் வரைவில் கெட்டவளாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. கதி தெரியாமல் பிள்ளை அலைகிறானே என்று அவளுக்கு. அதோடு, சின்ன மகன் கலியனுக்குப் பெண் பேசியாகிவிட்டது. மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது என்று பெண் வீட்டார் இழுத்தார்கள். காரியம் என்றால், வைக்கோலில் ஓர் உருவம் கட்டி அதைத் துலுக்காணம் என்று சொல்லிக் கொளுத்துவார்கள். கெங்கம்மாளின் தாலியைக் கழற்றுவார்கள்.

ஊர்ப் பெரியவரை அங்கே நாட்டார் என்பார்கள். நாட்டார் முன்னால் கூட்டம் நடந்தது. கெங்கம்மாள் எழுந்து நின்றாள்.

“நா ஒண்ணு சொல்றேன். கேண்டீன்ல அந்த ஜப்பான் பொண்ணு அத்தோட நைனாவத் தேடிக்கினு போவுதே, அந்தாளு வருவாரா மாட்டாரா? அது தெரியட்டும். செத்துட்டாருன்னு வந்துச்சின்னா நானே கழட்டிக் குடுத்துடறேன்.”

“இன்னாடி பேசற? படத்துக்கும் எம்புள்ளைக்கும் இன்னாடி கீது?” என்றாள் கோவிந்தம்மாள்.

“நீயுந்தான அத்தே குந்திப் பாத்துக்கினு அழுவுற?”

நாட்டார் யோசித்தார். அவரும் சனிக்கிழமை தவறாமல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து பார்க்கிறவர். “அது சொல்றதும் நாயந்தான். படம் ஓடிக்கினு இருக்க சொல்லோ நாம எதையும் முடிக்க வோணாம்” என்றார். கூட்டம் கலைந்தது.

இதை எப்படி எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இவள் படத்தை நம்பினாளா? அல்லது, ஜப்பான்காரர்கள் ஒரு தகப்பனை அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துத் தரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாளா? “ஃபாதர். ஸ்டில் நோ கம்” என்று ஜப்பான் சார் எழுந்து சொல்லும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்கு இன்னொரு வாரம் கிடைத்தது. அது மட்டும் நிச்சயம்.

அந்த நேரத்தில்தான் ‘துலாமுள்’ வந்து குத்தியது. அதே தொழிற்சாலையில் வேலை செய்த கலியன் நோட்டீஸ் போர்டைப் பார்த்தான். ஒட்டியிருந்ததை உரித்து எடுத்துக்கொண்டு போய்க் குப்பத்தில் உரக்கப் படித்தான்.

“எல்லாருமே செத்துட்டாங்களாம். மொதல்லருந்தே. அந்தப் பொண்ணு, அத்தோட நைனா, எல்லாம். புக்குல போட்டுக்கீது பாரு.”

“நாயி?” என்று யாரோ கேட்டார்கள்.

“நாயிதான் சரியாத் தெர்லயாம்.”

சொன்ன சொல்லுக்குக் கெங்கம்மாள் கட்டுப்பட்டவள். வெள்ளிக்கிழமை காரியம் என்று முடிவானது. வைக்கோல் வந்து இறங்கியது.

6

தானியேலுக்கு மனசு கேட்கவில்லை. ஜப்பான் சாரிடம் போய், “ஆல் டெட், சார்?” என்று கேட்டார். சொல்லோடு நிற்காமல் நாக்கை வெளியே தள்ளிக் கண்ணைச் செருகியும் காட்டினார். ஜப்பான் சார் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். பிறகு விஷயம் புரிந்து, “நோ டெட்! நோ டெட்!” என்று கத்தினார். தானியேலின் காக்கிச் சட்டையைப் பிடித்து இடப்பக்கத்தை மேலே இழுத்துப் போட்டு, “லிவ்விங்” என்றார். வலப்பக்கத்தை மேலே போட்டு, “டெட்” என்றார். அப்புறம் படத்தை ஓட்டி, தானியேலைத் துணிக்கு முன்னால் நிறுத்திக் காட்டினார்: லிவ்விங். தானியேல் தாமாகவே நடந்து பின்பக்கம் போனார்: டெட்.

“அப்பதான் சார் எனக்குப் பட்டுச்சி. நம்மாளு பின்னால இல்ல குந்திக்கினு இருந்தாரு!”

தானியேலும் கெங்கம்மாளும் பொன்னேரிக்குப் போய் ராஜமாணிக்கத்தை அவருடைய ஆபீசில் பார்த்தார்கள். கெங்கம்மாள் தேம்பித் தேம்பி அழுது — [இந்த வாக்கியம் பாதியில் நிற்பதன் காரணம் 9ஆம் பகுதியில்.]

தானியேல் துணி விவகாரத்தைச் சொன்னார். விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு பிரதியைப் பின்புறமிருந்து வாசிப்பதும் வாசிப்பே.”

“அதெல்லாம் சரி சார். தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வார்த்த வந்து சொல்லிடுங்க.”

“‘தப்பு’ என்ற சொல்லே விமர்சன மரபில் கிடையாது, தானியேல்.”

அப்போதுதான் கெங்கம்மாள் பேசினாள். “சார், நீங்க எழுதனத வச்சித்தான் வெள்ளிக்கெழம எங்க ஊட்டுக்காரரக் கொளுத்தப் போறாங்க.”

ராஜமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார் என்கிறார் தானியேல். அவருடைய இத்தனை வருஷ எழுத்தில், அதைப் படித்து யாராவது ஏதாவது செய்தார்கள் என்பது இதுவே முதல் தடவை.

“எத்தனை பேர் படித்தார்கள்?” என்று கேட்டாராம்.

“குப்பமே கேட்டுது சார். ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னாங்க.”

அவர் எழுந்தார். பிறகு நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

7

இங்கிருந்து எனக்குப் பாதை பல.

(அ) விமர்சகர் குப்பத்து ஜனங்கள் முன்னால் நின்று, “நாற்காலிக்கு ஆசைப்பட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். தவறு என்னுடையது” என்று கைகூப்புகிறார். எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை படித்தேன். ஆனால் அந்த வாயிலிருந்து அந்த வாக்கியம் வராது. ‘தவறு’ வரை வந்தாலும் ‘என்னுடையது’ வராது.

(ஆ) போகும் வழியில் மனசு மாறி அவர் திரும்பிவிடுகிறார். வெள்ளிக்கிழமை வைக்கோல் எரிகிறது. அங்கதம் முழுமை பெறுகிறது. இதை எழுதி முடித்துப் பார்த்தேன். விமர்சகர் அவமானப்பட்டார், நான் ஜெயித்தேன், கெங்கம்மாளின் கழுத்தில் ஒன்றும் இல்லை. “தாள் நன்று” என்ற இரண்டு வார்த்தைக்கு அது கொஞ்சம் அதிகப்படியான பதில் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

(இ) எல்லாரும் கூடியிருக்கும்போது முகத்துவாரத்துக்கு அப்பால், தூரத்தில், ஒரு கட்டுமரம் தெரிய, அதில் ஓர் ஆள் எழுந்து நின்று கையை — சே.

8

நடந்ததை எழுதுவதே மேல் என்று பார்த்தால், நடந்தபோது நான் அங்கே இல்லை. மூன்று பேரிடம் கேட்டேன் (கெங்கம்மாளிடம் கேட்டது பின்னால்தான், 9ஆம் பகுதியில் வரும் சந்திப்பில்). மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ராஜமாணிக்கம் மணலில் உட்கார்ந்து பேசினார் என்கிறார் தானியேல். நின்றுகொண்டேதான் பேசினார் என்கிறாள் கெங்கம்மாள். “உரையாற்றினேன்” என்கிறார் ராஜமாணிக்கம். மணல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. பேசியது என்ன என்பதில் மட்டும் மூவரும் ஏறக்குறைய ஒன்றாகச் சொல்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம். வைக்கோலைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

“இதைப் படித்தது யார்?” என்றார் ராஜமாணிக்கம்.

“நாந்தான் சார்” என்றான் கலியன்.

“தலைப்பைப் படித்தாயா?”

“படிச்சேன் சார். முதற்பார்வைக் குறிப்புகள்.”

“முதற்பார்வை என்றால்?”

“மொதல்ல பாக்கறது.”

“மொதல்ல பார்த்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கொளுத்துவார்களா?”

கலியன் நாட்டாரைப் பார்த்தான். நாட்டார் வைக்கோலைப் பார்த்தார்.

“நான் பார்த்தது ஒரே ஒரு தடவை” என்றார் விமர்சகர். (இதுதான் அவர் தம் வாழ்நாளில் தவறை ஒப்புக்கொண்டதற்கு மிக அருகே வந்த இடம். நானும் எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாக்கியத்தில் தப்பித்துவிட்டார்.) “இன்னும் இரண்டாம் பார்வை இருக்கிறது. மூன்றாம் பார்வை இருக்கிறது. மறுவாசிப்பு என்று ஒன்று இருக்கிறது. என் விமர்சனம் முற்றுப்பெறுகிறவரை அந்தப் படத்தில் ஒருவர்கூடச் செத்தவர் இல்லை. இதற்கு நான் பொறுப்பு.”

“எப்ப சார் முடியும்?” என்றார் நாட்டார்.

“‘துலாமுள்’ காலாண்டிதழ்.”

“அப்டின்னா?”

தானியேல் குறுக்கே வந்து விளக்கினார்: “மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வரும். அதுவும் டயத்துக்கு வராது.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, நீங்க படிச்சவரு. அப்ப, அந்தப் பொண்ணோட நைனா வந்துருவாரா?”

காரியம் வேண்டும் வேண்டும் என்று மல்லுக்கட்டியவள் கேட்கிறாள். ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். அவரிடம் இருந்த தமிழ் முழுவதும் அந்த நேரத்துக்கு உதவாத தமிழாக இருந்தது. திரும்பவும் வாயைத் திறந்தார்.

“வரலாம்மா” என்றார்.

கோவிந்தம்மாள் திரும்பி, “கலியா, அந்த வைக்கோல இஸ்துக்கினு போயி மாட்டுக்குப் போடு” என்றாள்.

“அப்ப எங்கல்யாணம்?”

“ஊட்ல ஒருத்தன் வெளியூரு போயிக்கீறான்னா கல்யாணம் நின்னுடுமா? நா போயி பொண்ணூட்ல பேசிக்கறேன். இஸ்துக்கினு போடா.”

9

சிரமம் இங்கேதான்.

எந்திரம் ஓடத் தொடங்கியதும் ஜப்பான் சார் ஊருக்குப் போய்விட்டார். மிச்சச் சுருள்கள் வரவில்லை. கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னபடி, அந்தப் பெண் ஏதோ ஒரு துறையில் ஒரு படகில் ஏறக் காலைத் தூக்கினாள், சுருள் தீர்ந்துவிட்டது. ‘துலாமுள்’ளில் “இரண்டாம் பார்வை” வந்திருக்கிறது. அதில் தகப்பன் உயிரோடு இருப்பதற்கான சாத்தியங்களை ஆராயப்போவதாக அறிவித்துவிட்டு, முழுக்கட்டுரையிலும் ஜமைக்காவைப் பற்றி எழுதியிருக்கிறார். தாமதமாகத்தான் வந்தது. அந்தப் பத்திரிகையின் தாமதத்தால் ஒரு மனுஷிக்கு நன்மை விளைகிறது என்பதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். யாரை அவமானப்படுத்த ஆரம்பித்தேனோ அவரால்தான் அவள் கழுத்தில் தாலி இருக்கிறது. அவருடைய எந்தக் குணத்தைக் கிண்டல் செய்ய வந்தேனோ அந்தக் குணத்தால்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஓர் அங்கதக்காரன் என்ன செய்வான்?

வேறு வழி தெரியாமல், எழுதியதை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன். கெங்கம்மாள் நான் எழுதியிருந்தபடி இல்லை. நான் எழுதியதைவிட உயரம்.

“நீங்கதான் என்னியப் பத்தி எழுதறவரா? படிங்க, கேப்போம்.”

படித்தேன். பொன்னேரிக் காட்சியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நா எங்க சார் அய்தேன்? அந்தாளு மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி.”

அடித்துவிட்டேன்.

“கடசில இன்னா வச்சிக்கீறீங்க?”

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதைப் படித்தேன். துலுக்காணம் தடாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறான்.

“பஸ்ஸுலயா? அவருக்கு பஸ்ஸு ஏறுனா வாந்தி சார். அவராவது பஸ்ஸுல வர்றதாவது.”

“அப்படியானால் நடந்து வருகிறார் என்று மாற்றிவிடுகிறேன்.”

“இன்னொண்ணு இன்னா?”

இரண்டாவதை நான் படிக்கவில்லை. அவளும் படிக்கச் சொல்லவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே பேசினாள்.

“அந்த சாரு முடிக்காம எழுதிக்கினே கீறாரு. நீங்க பாட்டுக்கு முடிச்சி புக்குல போட்டுட்டீங்கன்னு வைங்க, எங்க மாமியா அத்தயும் படிக்கச் சொல்லிக் கேக்கும். நீங்க வர்றாருன்னு எழுதுனா அது தெனமும் போயி பஸ்ஸாண்ட நிக்கும். வர்லன்னு எழுதுனா…”

“நீ என்ன நினைக்கிறாய்? அவர் வருவாரா?”

“தெர்ல சார்.”

“உள்ளுக்குள் ஒன்று தோன்றுமே.”

“தெர்லன்றதுதான் சார் எங்கையில கீது. அத்தயும் புடுங்கிக்காதீங்க.”

10

எனவே முடிவு இல்லை. இது நவீன உத்தி அல்ல. ராஜமாணிக்கம் இதைத் ‘திறந்த முடிவு’ என்று பாராட்டி எழுதினால் அதையும் நம்பாதீர்கள். என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன, இரண்டும் நன்றாகவே வந்திருந்தன, ஒன்றில் என் சொந்த வாக்கியங்களிலேயே மிக நல்ல வாக்கியம் ஒன்று இருந்தது. இரண்டையும் கேண்டீன் அடுப்பில் போட்டுவிட்டேன். டீ கொதிக்கிற அளவுக்குக்கூட எரியவில்லை.

ஆனால் உங்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டு, ஆள் வந்தானா செத்தானா என்று தெரியாமல் எப்படி மூடிவைப்பது என்று கோபப்படுகிறவர்கள் தாராளமாக ஒரு முடிவு எழுதிக்கொள்ளலாம். எந்த முடிவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. எழுதியதும் அதை எனக்கு அனுப்பாதீர்கள். பாசஞ்சர் வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் இறங்குங்கள். தொழிற்பேட்டைக்கு யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காலை ஷிஃப்ட் ஆட்கள் சாப்பிட்டுப் போனபிறகு கேண்டீனில் கூட்டம் இருக்காது. கெங்கம்மாள் தனியாகத்தான் இருப்பாள்.

அவள் முகத்தைப் பார்த்து, அதை நீங்களே படித்துக் காட்டுங்கள்.

நான் உள்ளே வரமாட்டேன்.